கடைசிச் சொல் யாருடையது?

பீர்மேடு

அன்புள்ள மருமகனுக்கு,

ரோல்பிளே சர்வரில் மூன்று பேர் சேர்ந்து மாடரேட்டர் வேலை பார்க்கிறீர்கள். நீ பேன் செய்தவனை இன்னொருவர் அன்றிரவே உள்ளே விட்டுவிடுகிறார். டிக்கெட்டெல்லாம் உன் தலையில் குவிகிறது. மூன்றாமவர் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று, முழுப் பொறுப்பையும் நீயே எடுக்க வேண்டும், இல்லையேல் விலகிவிட வேண்டும் என்கிறாய். இரண்டும் வேண்டாம் என்பேன். கூட்டாளிகளின் குணம் சரியில்லை என்பது உன் கட்சி. எந்த விஷயத்தில் யாருடைய சொல் கடைசிச் சொல் என்று தீர்மானிக்காமலே மூவரும் வேலையைத் தொடங்கியதுதான் கோளாறு என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி நம் தாலுகாவிலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை நிற்கும் மண் கேரளத்துடையது. அதை இயக்குவது தமிழ்நாடு. 1886-இல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகையிலிருந்து வந்த ஏற்பாடு. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற தகராறு 1941-இல் நடுவர் தீர்ப்புவரை போனது. பிறகு 1970-இல் இரு மாநிலங்களும் உட்கார்ந்து எழுதிக்கொண்டன: மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு, மீன்பிடி உரிமை கேரளத்துக்கு, நிலவாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய். மீனுக்காக இன்று யாரும் கடையடைப்பு நடத்துவதில்லை. ஆனால் எத்தனை அடிவரை தேக்கினால் ஆபத்தில்லை என்று சொல்வது யார்? தீ பற்றியது அங்கேதான். 1979-இல் மட்டம் 136 அடிக்கு இறங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் உடனே அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 2014-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. கூடவே ஒரு கண்காணிப்புக் குழுவும் வந்தது: மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதி தலைவர், மாநிலத்துக்கு ஒருவர் உறுப்பினர் என்பது அன்றைய அமைப்பு. அதனால் பூசல் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் கருத்து வேறுபாட்டைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

விளையாட்டு வேறு, அணை வேறு என்பாய். சரி, விளையாட்டிலிருந்தே சொல்கிறேன். பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கிய லாம்டாமூ, எழுத்தாலேயே பலர் கூடி வாழ்ந்த ஒரு கற்பனை வீடு. அதன் நிர்வாகிகளுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். ஆட்களின் சண்டையைத் தீர்ப்பது இனி எங்கள் வேலை இல்லை என்று 1992 இறுதியில் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே ஒருவன் பிறருடைய பாத்திரங்கள்மீது பாலியல் வன்முறையை எழுதிக் காட்டினான். எல்லோரும் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை; கடைசியில் ஒரு மந்திரவாதி தானாகவே அவனை நீக்கினார். அதன் பிறகுதான் கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்டுவந்தார். அதுவும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்று 1996-இல் நிர்வாகிகள் அறிவித்தார்கள். நீ சொல்லும் இரண்டு வழியிலும் அங்கே ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டார்கள். ஒதுங்கியபோது கொடுமை செய்தவனைக் கேட்க ஆளில்லை. ஒருவர் தனியாகத் தீர்த்தபோது இனி இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை.

ஒற்றை ஆள் என்றால் வேலை சட்டென்று முடியும் என்பது நியாயமான வாதம்தான். அவசரத்துக்கு அது வேண்டும். ஒருவன் வசைமாரி பொழியும்போது கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே உடனடியாக வெளியேற்றும் உரிமை மூவருக்கும் இருக்கட்டும். நிரந்தர பேன் என்றால் இருவர் சம்மதம் வேண்டும். அப்பீலை, பேன் போட்டவர் அல்லாத ஒருவர்தான் கேட்க வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்றும்முன் காரணத்தை லாக்கில் எழுத வேண்டும். விளையாட வந்த இடத்தை நீதிமன்றம் ஆக்குவதா என்று நண்பர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் கொள்ளைக்காரன் வேடம் போட்டவன் துணிந்து ஆட வேண்டுமானால், கதைக்குள் செய்த திருட்டுக்காகத் தன் கணக்கு பறிபோகாது என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும். நான்கு வரி விதி கொடுப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

மிஞ்சுவது வேலை செய்யாதவர் பிரச்சினை. விதி எழுதினால் சோம்பல் போகாது என்பாய். நீ சொல்வது சரி. ஆனால் யாருக்கு எந்த வேலை என்று பெயர் போட்டு எழுதாதவரை, அவர் சோம்பேறியா, தனக்கு எது வேலை என்றே தெரியாதவரா என்று உன்னால் சொல்ல முடியாது. டிக்கெட் பார்ப்பது, புதியவர்களைச் சேர்ப்பது, அப்பீல் கேட்பது என்று பிரித்து ஆளுக்கொன்று ஒப்படை. இரண்டு மாதம் கழித்து லாக்கை மூவரும் சேர்ந்து பாருங்கள். அப்போதும் ஒருவருடைய பங்கு வெறுமையாக இருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பதில் தப்பில்லை. எதைச் செய்யவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். ராஜினாமாக் கடிதம் எழுதுவதாயிருந்தால் அதற்குப் பிறகு எழுது. முதலில் இந்த நான்கு வரியை மற்ற இருவருக்கும் அனுப்பி, அவர்கள் எதை மறுக்கிறார்கள் என்று கேள்.

அன்புடன்,
மாமா