கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?
மரக்காணம் உப்பளக் கரையின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் உப்பு அம்பாரங்களைப் பார்க்காமல் தாண்ட முடியாது. கழுவெளியின் உவர்நீரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் உள்ள இந்தக் கரையில், தை மாதவாக்கில் பாத்தி திருத்தத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை உப்பு எடுக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த அளவுக்குப் பழைய வணிகக் கரை இது.

இன்று இங்கே தொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் சிறியவர்கள். சில ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர், லாரிக்கு ஆள் பிடித்துச் சரக்கு ஏற்றிவிடுபவர், சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் பெண், சாலையோரத்தில் கடை போட்டிருப்பவர். இவர்களுக்கு நிர்வாகமும் பண மேலாண்மையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேச்சு நல்லதுதான். ஆனால் அதைச் சுற்றித் தவறான நம்பிக்கைகள் நிறைய இருக்கின்றன. சில தொழில் செய்பவர்களுடையவை, சில பயிற்சி கொடுக்க வருகிறவர்களுடையவை. இரண்டாவது வகையால் வரும் கேடு பெரிது. திட்டங்களும் நிதியும் அந்த நம்பிக்கைகளின் மேல்தான் கட்டப்படுகின்றன.

"படிப்பில்லாதவர்களுக்குக் கணக்கு வராது"

உப்பளத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி அடர்த்தியில் உள்ளே வருகிறது. வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து சரக்கு கசக்கும், சீக்கிரம் நீர்த்தும் போகும். எந்தப் பாத்தியில் தண்ணீரை எப்போது திருப்ப வேண்டும், எப்போது வார வேண்டும், மிஞ்சிய நச்சுத்தண்ணியை எப்போது வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு நாளும் மனத்துக்குள் நடக்கும் கணக்கு. பள்ளிக்குப் போகாதவர்களும் இதைப் பிசகாமல் செய்கிறார்கள்.

இலங்கையின் சிறுதொழில்களை ஆராய்ந்த சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டஃபர் உட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து லாபம் காண்பது ஒரு முறை. "எல்லாச் செலவும் போக எவ்வளவு நின்றது?" என்று நேராகக் கேட்பது மற்றொரு முறை. இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலே உண்மை லாபத்துக்கு நெருக்கமாக இருந்தது. இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம் விற்கும், கணக்கெடுப்பவரின் கட்டங்களுக்குள் அது அடங்காது. கடைக்காரரின் நினைவுக்கு அது தெரியும்.

அப்படியானால் எங்கேதான் இடறுகிறது?

"செலவு போகக் கையில் நிற்பது லாபம்"

இடறும் இடம் இதுதான். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறு குத்தகைதாரர் ஒருவர் எட்டு மாதப் பருவத்தில் 4,00,000 ரூபாய்க்கு உப்பு விற்கிறார். ஆள் கூலி, பம்பு, சில்லறைச் செலவு 1,60,000. கையில் நிற்பது 2,40,000. மாதத்துக்கு 30,000 ரூபாய் வந்ததுபோல் தோன்றும். அந்த நினைப்பிலேயே வீட்டுச் செலவு நடக்கும், சீர்வரிசை நடக்கும், வண்டி வாங்கப்படும்.

ஆனால் ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு. பாத்தி தண்ணீருக்குள் கிடக்கும் மாதங்களிலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். மழை நின்றதும் சேற்றை வாரி, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்க வேண்டும். அதற்கு 40,000, குத்தகைக்கு 30,000 என்று வைத்தால் மிச்சம் 1,70,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,000 சொச்சம். கணவன், மனைவி இருவரும் பாத்தியில் நின்றிருந்தால் அது இரண்டு பேரின் உழைப்புக்கு வந்த பணம். அதே இருவரும் பக்கத்து அளத்தில் கூலிக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதோடு அதை ஒப்பிட வேண்டும். சொந்த உழைப்புக்குச் சம்பளம் எழுதாத கணக்கு, நட்டத்தையும் லாபமாகக் காட்டிவிடும்.

"முன்பணத்துக்கு வட்டி கிடையாது"

உப்பு வியாபாரத்திலும் மீன் வியாபாரத்திலும் முன்பணம் பழைய வழக்கம். பருவமழை முடிந்து கை காய்ந்திருக்கும் நேரம்தான் பாத்தி திருத்தும் நேரமும். வருமானம் முற்றிலும் நின்ற மாதத்தில் பெரிய செலவு வந்து நிற்கிறது. வியாபாரி பணம் கொடுக்கிறார். கையெழுத்தும் இல்லை, வட்டியும் இல்லை. விளைந்த உப்பை அவரிடமே, சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 50,000 ரூபாய் முன்பணம் வாங்கி, டன்னுக்கு 200 ரூபாய் குறைத்து 100 டன் போடுவதாக வைத்துக்கொண்டால் விட்டுக்கொடுத்தது 20,000 ரூபாய். ஐந்து மாதத்தில் கணக்கு தீர்ந்தால், மாதம் நூற்றுக்கு எட்டு வட்டி. சரக்கு ஏற ஏற முன்பணம் கழிந்துகொண்டே வரும் என்பதால் உண்மையான வட்டி அதைவிடவும் கூடுதல். ஆண்டுக்கு 12 சதவீதம் கேட்கும் வங்கிக் கடனாக இருந்தால், அதே 50,000 ரூபாய்க்கு ஐந்து மாத வட்டி 2,500 ரூபாய். முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவு 50,000 ரூபாய் வரையிலான கடனுக்குத்தான், அதற்குப் பிணை கேட்கக் கூடாது.

வியாபாரியைக் குற்றவாளியாக்க இந்தக் கணக்கு போடப்படவில்லை. வங்கி மூடியிருக்கும் நேரத்திலும் அவர் கொடுக்கிறார், விளைச்சல் கெட்டால் அடுத்த பருவம்வரை பொறுக்கிறார். அந்தச் சேவைக்கு விலை உண்டு. அந்த விலை என்னவென்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கடனை அடைத்துவிட்டால் போதும், மீண்டுவிடுவார்கள்" என்பது இதன் மறுபக்கம். சென்னைக் காய்கனி வியாபாரிகள் காலையில் ஏறக்குறைய 1,000 ரூபாய் வாங்கி, மாலையில் வட்டியோடு திருப்புவதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் எழுதியிருக்கிறார்கள். நாள் வட்டி சராசரி 4.69 சதவீதம். இப்படிப்பட்ட வியாபாரிகளின் கடனை டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் ஓர் ஆய்வுக்காக முழுதாக அடைத்துவிட்டுப் பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்த அந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. கடன் தீர்ந்த வியாபாரிகள் காலப்போக்கில் மறுபடி கடனுக்குள் போயிருந்தார்கள். உடன் கொடுத்த நிதிப் பாடமும் அதைத் தடுக்கவில்லை.

கையிருப்பு இல்லாதவரை ஒரு காய்ச்சலோ ஒரு புயலோ பழைய இடத்துக்கே தள்ளிவிடும். இந்தக் கரைக்கு அது புதிதல்ல. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மரக்காணம் இருக்கும் அதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் பாத்தி மட்டுமல்ல, விற்காமல் கிடக்கும் அம்பாரமும் கரையும். எனவே தை மாதச் செலவுக்கான 50,000 ரூபாயைப் பங்குனி முதலே பிரித்து வைக்கத் தொடங்க வேண்டும். எட்டு மாதத்தில் மாதம் 6,250. அஞ்சலகத்திலோ மகளிர் குழுவிலோ, எடுக்கச் சற்றுச் சிரமமான ஓர் இடத்தில் அது இருப்பது நல்லது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அது பாராட்டத்தக்கது. ஆனால் தொழில் நடத்துகிறவரின் தை மாதச் செலவுக்கு அது ஈடாகாது.

"பாக்கெட் போட்டால் பணம்தான்"

மதிப்புக் கூட்டல் பற்றிய கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் யோசனை இது. மூட்டை உப்புக்கும் கடைப் பாக்கெட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் மனிதர் உண்ணும் உப்பு அயோடின் சேர்த்தே விற்கப்பட வேண்டும். வாங்குபவர் கைக்கு வரும்போது அது பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, சோதனை, உறை, அச்சு, லாரி என்று செலவு நீளும். கடைக்காரர் கடனுக்குத்தான் எடுப்பார், பணம் மாதக்கணக்கில் வெளியே நிற்கும். அரசின் தமிழ்நாடு உப்புக் கழகமே 2022-ல் 'நெய்தல்' உப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, பெரிய நிறுவனங்களின் பாக்கெட்டுகள் நிறைந்த அலமாரியில்தான் அதுவும் இடம் தேட வேண்டியிருக்கிறது. தனி ஆளாக இறங்கும் முன், எத்தனை பாக்கெட் விற்றால் போட்ட பணம் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது அவசியம்.

"ஜிபே-யில் வாங்கினால் வரி வந்துவிடும்"

2025 ஜூலையில் பெங்களூருச் சிறு வணிகர்களுக்கு அவர்களுடைய யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி அறிவிப்புகள் போன செய்தி இந்த அச்சத்தைப் பெரிதாக்கியது. பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு வரி இல்லை. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய். உப்புக்கு ஜிஎஸ்டியே கிடையாது, வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. வருமான வரியின் உத்தேச லாப முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபமாகக் கொள்ளப்படும், வங்கி வழியே வந்ததற்கு 6 சதவீதம்தான். கடன் கேட்டுப் போகும்போது காட்ட ஒரு வரலாறும் கிடைக்கும்.

"கணக்குப் பதிவு வகுப்பு நடத்தினால் தொழில் வளரும்"

பயிற்சி கொடுப்பவர்கள் இந்த நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யத்தான் வேண்டும். கொழும்பு, கண்டிப் பகுதிகளில் ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களுக்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புகழ்பெற்ற தொழில் பயிற்சி கொடுக்கப்பட்டது. 2014-ல் வெளிவந்த முடிவு: சில பழக்கங்கள் மாறின, ஆனால் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் லாபம் உயரவில்லை. பயிற்சியோடு பணமும் பெற்றவர்களுக்கு முதலில் லாபம் கூடியது, இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றமும் மறைந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. டொமினிகன் குடியரசில் 'அடோபெம்' என்ற சிறுகடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கணக்குப் பதிவியலையும், இன்னொரு பிரிவினருக்குச் சில எளிய விதிகளையும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைப் பணம் ஓர் இழுப்பறையில், வீட்டுப் பணம் இன்னோர் இழுப்பறையில். ஒன்றிலிருந்து மற்றதுக்கு எடுத்தால் சீட்டு எழுதிப் போட வேண்டும். தனக்கென்று ஒரு சம்பளத்தை நிர்ணயித்து அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பதிவியல் படித்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. விதிகளைக் கற்றவர்கள் தொழிலைச் சீராக நடத்தினார்கள், மோசமான வாரங்களிலும் அவர்களுடைய விற்பனை முன்பளவுக்குச் சரியவில்லை. வாரத்துக்கு வாரம் வருமானம் ஏறி இறங்கும் தொழில்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

மரக்காணத்துக்கு இதை மொழிபெயர்த்துக்கொள்வது கடினமல்ல. இரண்டு டப்பா, ஒரு சிறு நோட்டு, தை மாதத்துக்கென ஒரு சேமிப்பு, முன்பணம் வாங்கும்போது வட்டியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல். ஒரு மாலையில் சொல்லிவிடலாம். இருபது நாள் வகுப்பும் தடித்த பயிற்சிக் கையேடும் தேவையில்லை.

"பெண் பெயரில் கடன் என்றால் பெண் தொழிலுக்குத்தான் போகும்"

1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு இயக்கம், தமிழ்நாட்டில் ஆணின் கையெழுத்து இல்லாமலேயே பெண்கள் கடன் பெற வழி திறந்தது. அது பெரிய சாதனை. ஆனால் இந்தியா, இலங்கை, கானா நாடுகளின் தரவுகளை வைத்து 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெண்ணுக்குக் கொடுத்த பணம் பல வீடுகளில் கணவனின் தொழிலுக்குள் போய்விடுவதைக் காட்டியது. வீட்டில் அவள் தொழில் மட்டுமே இருந்தால் லாபம் ஆணின் தொழிலுக்குச் சமமாகவே வந்தது. கருவாடு விற்கும் பெண்ணின் லாபம் குறைவு என்றால் அவள் திறமையைச் சந்தேகிப்பதற்கு முன், அவள் முதல் எந்தப் படகுக்கு எஞ்சின் வாங்கப் போனது என்று கேட்க வேண்டும். அவளுக்கும் அந்த இரண்டு டப்பா விதி பொருந்தும். ஆனால் அதை அவள் கணவனும் ஒப்புக்கொள்ள வேண்டும், எனவே அந்த மாலை வகுப்புக்கு இருவரையும் அழைப்பதே முறை.

வகுப்பை எப்போது, யாரோடு நடத்துவது என்பதும் முக்கியம். பங்குனி, சித்திரையில் ஆளைக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், பாத்தி காத்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் அளம் தண்ணீருக்குள் இருக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், தை மாதச் செலவு கண்ணுக்கு முன்னால் நிற்கும். அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சியில், பாதிப் பேர் தோழி ஒருவரோடு வரச் சொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்களிடையே தொழிலுக்காகக் கடன் வாங்கியவர்கள் அதிகம் இருந்தார்கள், அவர்களுடைய குடும்ப வருமானம் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.