குடை எந்தப் பக்கம் பார்க்கிறது?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுவாரம் என் அண்ணன் பேரன்கள் இருவரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். "தாத்தா, சாட்டிலைட் பங்குல பணம் போடலாம்னு இருக்கோம்" என்றான் மூத்தவன். தாயில்பட்டிப் பட்டாசு ஆபீசில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவன் நான். ராக்கெட் வாணத்துக்குக் கணக்கு எழுதியவன் நிஜ ராக்கெட்டுக்கும் சொல்வான் என்று நினைத்தார்களோ என்னவோ. நாலு நாள் படித்துவிட்டு, இருவருக்குமாக எழுதி வைத்தது இது.

1. வாங்கப்போகும் சரக்கு என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது புவிநிலைச் செயற்கைக்கோள். அது ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. பூமியும் அதே நேரத்தில்தான் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. அதனால் அது நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நிற்கும். மொட்டைமாடி டிவிக் குடையை ஒருமுறை திருப்பி இறுக்கினால் போதும் என்பது இதனால்தான். அந்த உயரத்தில் இருப்பது ஒரே ஒரு வட்டம். அதில் எந்த இடம், எந்த அலைவரிசை யாருக்கு என்பதெல்லாம் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பதிவேட்டில் இருக்கிறது. வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ் இல்லாத மருந்தறைக்கு நம்மூரில் என்ன மதிப்போ, பதிவில்லாத செயற்கைக்கோளுக்கு அங்கே அதே மதிப்பு.

2. ஆர்டர் யார் கையில் என்று கேளுங்கள். நான் எழுதியதில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வடக்கேயிருந்து வியாபாரி முன்பணம் அனுப்பிச் செய்த சரக்கு வேறு, விற்றுவிடும் என்ற தைரியத்தில் செய்து குடோனில் அடுக்கிய சரக்கு வேறு. பார்வைக்கு இரண்டும் ஒரே லேபிள், ஒரே பெட்டி. கணக்குப் புத்தகத்தில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல. இன்சாட் காலத்தில் அரசாங்கம் செயற்கைக்கோளைச் செய்து ஏற்றியது, பிறகு அதை யார் யார் பயன்படுத்துவது என்று பங்கு வைத்தது. அது தப்பில்லை, தூர்தர்ஷனும் தொலைபேசியும் வானிலையும் கிராமம்வரை வந்தது அப்படித்தான். 1982இல் ஏறிய இன்சாட்-1ஏ அதே வருடம் செயலிழந்தது. நஷ்டத்தைத் தாங்க அரசாங்கம் இருந்தது, 1983இல் இன்சாட்-1பி போனது. உங்கள் போனஸுக்குப் பின்னால் அப்படி யாரும் நிற்கவில்லை.

2019இல் நியூஸ்பேஸ் இந்தியா என்ற அரசுக் கம்பெனி வந்தது. அது வேறு வழியை எடுத்தது: முதலில் வாடிக்கையாளர், பிறகு செயற்கைக்கோள். 2022 ஜூனில் ஏறிய ஜிசாட்-24 அப்படிச் செய்த முதல் சரக்கு. அதன் முழுக் கொள்ளளவையும் டாட்டா பிளே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ராக்கெட்டில் திரி பற்றும் முன்பே வாடகை யார் தருவார் என்று தெரியும். எந்தக் கம்பெனி அறிக்கையை எடுத்தாலும் இந்த ஒரு வரியைத் தேடுங்கள். "விற்பனை வாய்ப்பு அதிகம்" என்று எழுதியிருந்தால் அது குடோன் சரக்கு.

3. போனில் ஒரு அறிக்கை காட்டினீர்கள்: சந்தை இத்தனை சதவீதம் வளரும் என்று. யார் வீட்டில் வளரும் என்பதை அது சொல்லவில்லை. உலகச் செயற்கைக்கோள் தொழிலில் புரளும் பணத்தில், செயற்கைக்கோளைச் செய்வதற்கும் ஏற்றுவதற்கும் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் தரையில்தான்: குடை, பெட்டி, வழிகாட்டிக் கருவி, மாதச் சந்தா. சிவகாசியை நினைத்துப் பாருங்கள். எந்த வெடி விற்றாலும் விற்காவிட்டாலும் லேபிள் அச்சடித்தவருக்குக் காசு வந்தது. அச்சகம் தழைத்த கதை அதுதானே.

4. எதிர்க்கடையைப் பாருங்கள். ஸ்டார்லிங்க் கிட்டத்தட்ட 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சிறு செயற்கைக்கோள்களைப் பரப்பியிருக்கிறது. நம் புவிநிலைச் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை 36,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். படம் பார்ப்பவனுக்கு அது தெரியாது. வீடியோ காலில் பேசுகிறவனுக்கும் விளையாடுகிறவனுக்கும் தெரியும். 2025இல் ஸ்டார்லிங்க்கு இந்திய உரிமமும் கிடைத்துவிட்டது.

பழைய செயற்கைக்கோள் ஜாம்பவான்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். இன்டெல்சாட் 2020இல் கடன் தாளாமல் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2025 ஜூலையில் அதை எஸ்இஎஸ் 310 கோடி டாலருக்கு வாங்கியது. வயாசாட் இன்மார்சாட்டை விழுங்கியது, யூடெல்சாட் ஒன்வெப்போடு சேர்ந்தது, இரண்டும் 2023இல். விற்பனை பெருகி ஒன்று சேர்வது ஒன்று, தனியே நிற்க முடியாமல் தோள் கொடுத்துக்கொள்வது இன்னொன்று. இவற்றில் இரண்டாவதின் வாடைதான் எனக்கு அதிகம் அடிக்கிறது. நம் நாட்டிலேயே 2020இல் 7 கோடியை ஒட்டி இருந்த டிடிஎச் இணைப்புகள் 2025இல் 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டன.

அதற்காக, கடையே மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவர் சொல்லக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்றால் இன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்தான் மலிவு. கப்பல், விமானம், ராணுவம் எல்லாம் இருக்கின்றன. 2025 நவம்பர் 2இல் 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கடற்படைக்காகத்தான் ஏறியது. அதைத் தூக்கிய கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கும் இடம் நமக்குத் தெற்கே மகேந்திரகிரி. இன்னொரு வேடிக்கை: 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2ஐ 2024 நவம்பரில் ஏற்றியது, ஸ்டார்லிங்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸின் பால்கன்-9 ராக்கெட். எதிர்க்கடைக்காரன் லாரியிலேயே நம் சரக்கை ஏற்றி அனுப்பியிருக்கிறோம்! வியாபாரத்தில் அதுவும் உண்டு.

5. ஏறியதும் கை தட்டிவிட்டு டிவியை அணைக்காதீர்கள். பற்றவைத்த திரியைத் திரும்ப அழைக்க முடியாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் ஜிசாட்-6ஏ நல்லபடியாக ஏறியது, சில நாட்களுக்குள் தொடர்பு அறுந்தது. 2025 ஜனவரியில் என்விஎஸ்-02ஐ ஏற்றிய ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. செயற்கைக்கோளின் வால்வு திறக்காததால் அது போக வேண்டிய பாதைக்குப் போகவில்லை. 2010 ஜூலையில் இன்சாட்-4பியின் சூரியத் தகடு ஒன்றில் மின்கோளாறு. அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட்-3ஐத் தேடிப் போனது.

ஆகவே காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். 2023இல் வயாசாட்-3 ஏறி, ஆண்டெனா சரியாக விரியாமல் போனபோது அந்தக் கம்பெனி 42 கோடி டாலர் காப்பீடு கோரியது. 2024 அக்டோபரில் இன்டெல்சாட்-33இ வானத்திலேயே துண்டு துண்டானது. அதற்குக் காப்பீடே இல்லை.

6. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தைக் காட்டி மனை விற்க வருகிறவனிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய அந்தத் தளம், சிறு செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கித் துருவப் பாதைக்கு ஏற்றுவதற்கு. நீங்கள் கேட்ட கனத்த சரக்கு அங்கிருந்து போகாது.

7. நியூஸ்பேஸ் இந்தியா பங்குச்சந்தையில் இல்லை. அதன் பங்கு தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒருவன் வந்தால் அவன் திருடன். சந்தையில் "விண்வெளிப் பங்கு" என்று கிடைப்பதில் பெரும்பாலானவை இஸ்ரோவுக்கும் ராணுவத்துக்கும் பாகம் செய்து தரும் கம்பெனிகள். அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் அவற்றின் வரவில் விண்வெளி எத்தனை ரூபாய், மற்றவை எத்தனை ரூபாய் என்று ஆண்டறிக்கையில் பிரித்துப் பாருங்கள். 2024இல் வெளிநாட்டு முதலீட்டு விதியைத் தளர்த்தினார்கள்: செயற்கைக்கோள் செய்து நடத்த 74 சதவீதம், ராக்கெட்டுக்கு 49, உதிரிபாகத்துக்கு 100 சதவீதம்வரை முன் அனுமதி இல்லாமலே வரலாம். அதே வருடம் புதுக் கம்பெனிகளுக்காக 1,000 கோடி ரூபாய் நிதிக்கும் ஒப்புதல் ஆனது. கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே வருகிறவர்கள் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கத் தெரிந்தவர்கள்.

8. உங்கள் பணம் அவ்வளவு காலம் காத்திருக்குமா? ஒரு செயற்கைக்கோள் வருடக்கணக்கில் வாடகை கொடுத்துத்தான் போட்ட முதலைத் திருப்பும். மூத்தவனே, உன் மகள் பள்ளிக் கட்டணம் ஜூனில். ஒரு வருடம் நான் ஒரு வெளியூர் வியாபாரிக்குக் கடனில் சரக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டு, தீபாவளி முடிந்து பொங்கல்வரை அந்தப் பாக்கிக்காகத் தந்தி அடித்தேன். வந்தது பாதிதான். ஜூனில் தேவைப்படும் பணத்தை வானத்துக்கு அனுப்பாதே.

9. காசு போடாமலே லாபம் தரும் ஒன்றும் அங்கே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் ஏறிய இன்சாட்-3டிஎஸ் வானிலைக்கானது. அதன் மேகப் படத்தை வானிலைத் துறை இணையத்தில் சும்மாவே போடுகிறது. ஐப்பசியில் பிளாட்பாரத்தில் மருந்துச் சரக்கைக் காயப்போடும் முன் அதைப் பாருங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் போர்மேன் மேற்கே மலையைப் பார்த்து மழை சொல்வார். பாதி நாள் தப்பும்.

"அப்போ வாங்கவே வேண்டாமா தாத்தா?" என்றான் சின்னவன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கம்பெனி ஆண்டறிக்கையை எடுத்து, ஆர்டர் பக்கத்தையும் கடன் பக்கத்தையும் பென்சிலில் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். கடன் எந்தத் தலைப்பில் இருக்கும் என்று கேட்டு மூத்தவன் நேற்று ராத்திரி போன் செய்தான். சின்னவனைக் காணோம். மழைக்குக் குடை அசைந்துவிட்டதாம், மொட்டைமாடியில் நின்று திருப்பிக்கொண்டிருக்கிறான் என்று அவன் அம்மா சொன்னாள்.