தண்டனைக்கு எதிரான மேன்முறையீடு: பணம் தூயதாக்கல் குற்றம்

நீதிமன்றங்களின் படிநிலையைப் பெயர்ப்பட்டியலாக மனனம் செய்யும் மாணவர்கள் அதனைப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். ஒரு குற்றத்தை எடுத்து, அதற்கான வழக்கு எங்கே தொடங்கி எங்கே செல்கிறது என நோக்கினால் படிநிலை தானாகவே மனதிற் பதியும். இப்பாடத்தில் பணம் தூயதாக்கல் குற்றத்தை எடுத்துக்கொள்வோம்.

போதைப்பொருள், இலஞ்சம், மோசடி போன்றவற்றால் கிடைத்த பணத்தை நேர்மையாகச் சம்பாதித்த பணம்போலக் காட்டுவதே பணம் தூயதாக்கலாகும். இலங்கையில் இது 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். விசாரிப்பது மேல் நீதிமன்றம். குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு 5 வருடத்திற்குக் குறையாத, 20 வருடத்திற்கு மேற்படாத கடூழியச் சிறைத்தண்டனையோ, சொத்தின் பெறுமதிக்குக் குறையாமலும் அதன் மூன்று மடங்குக்கு மேற்படாமலும் தண்டப்பணமோ, இவ்விரண்டுமோ விதிக்கப்படலாம்.

இச்சட்டத்தில் ஒரு விசேட அம்சம் உண்டு. ஒருவரது சொத்து அவரது தெரிந்த வருமானத்தால் வாங்கக்கூடியதல்ல எனக் காணப்படின், அது சட்டவிரோதச் செயலால் வந்ததென நீதிமன்றம் ஊகிக்கும். அவ்வூகத்தை முறியடிப்பது எதிரியின் பொறுப்பு. வரிப்பத்தான்சேனையில் நெல் விற்றுக் காணி வாங்கிய ஒருவரிடம் விற்பனைத் துண்டு இருக்கலாம். மத்திய கிழக்கிலிருந்து வங்கி மூலம் பணம் பெற்றவரிடம் வங்கிக் கூற்று இருக்கும். உண்டியல் மூலம் பெற்றவரோ உழைத்த பணமாயினும் காட்டுவதற்குக் கடதாசி இல்லாமல் நிற்பார்.

இனி மேன்முறையீட்டுக்கு வருவோம். வரிப்பத்தான்சேனையைச் சேர்ந்த ஒருவருக்குக் கல்முனையிலோ அம்பாறையிலோ உள்ள மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்கிறது எனக் கொள்வோம். அவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். சிறையில் இருப்பவர் மனுவைச் சிறைச்சாலை அதிகாரியிடமே கையளிக்கலாம். மனுவை விசாரிப்பது கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். மேன்முறையீடு செய்ததும் வீடு செல்லலாம் என்று எண்ணுதல் தவறு. விசேட காரணங்கள் காட்டப்பட்டாலே பொதுவாகப் பிணை கிடைக்கும். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றவர் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மேன்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து மீண்டும் விசாரித்தல் அன்று. சாட்சிகள் பொதுவாக மீண்டும் அழைக்கப்படுவதில்லை. கீழ் நீதிமன்றப் பதிவேட்டை வைத்தே சட்டம் சரியாகப் பிரயோகிக்கப்பட்டதா, சாட்சியம் தீர்ப்பைத் தாங்குகிறதா என ஆராயப்படும். முடிவில் விடுதலை, மீள்விசாரணை, தண்டனைக் குறைப்பு என எதுவும் கிடைக்கலாம். தண்டனையைக் கூட்டவும் நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு என்பதைப் பலர் அறியார்.

உண்மை உதாரணங்கள் இரண்டைப் பார்ப்போம். இரண்டும் பணம் தூயதாக்கல் வழக்குகள் அல்ல, ஆயினும் பணம் சம்பந்தப்பட்டவை. முதலாவது, "சில் துணி" வழக்கு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாவைச் சில் துணி விநியோகத்திற்குப் பயன்படுத்தியமைக்காக லலித் வீரதுங்க, அனுஷ பெல்பிட்ட ஆகியோருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2017 செப்டெம்பரில் 3 வருடக் கடூழியச் சிறை விதித்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இரண்டாவது, தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு. 2014 செப்டெம்பரில் பெங்களூர் விசேட நீதிமன்றம் அவருக்கு 4 வருடச் சிறையும் 100 கோடி ரூபா தண்டமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தீர்ப்பில் கடன்தொகைகளைக் கூட்டியதிலே பிழை: 10.67 கோடி என வரவேண்டியது 24.17 கோடி என இருந்தது. கணித பாடத்தை அலட்சியம் செய்வோர் கவனிக்க! கர்நாடக அரசு மேன்முறையிட்டது. 2017 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியது. ஜெயலலிதா அதற்கு முன்னரே, 2016 டிசெம்பரில், காலமாகியிருந்தார். சசிகலா சிறை சென்றார். மேன்முறையீடு குற்றவாளிக்கு மட்டுமன்றி அரசுக்கும் உரியது என்பது இதிலிருந்து விளங்கும். இலங்கையில் அவ்வுரிமை சட்டமா அதிபருக்கு உண்டு.

பெயர்களிற் குழம்பாதீர்கள். இந்தியாவில் "உயர் நீதிமன்றம்" எனப்படுவது மாநில நீதிமன்றம். அதற்கு மேலுள்ளது உச்ச நீதிமன்றம். எமது நாட்டில் உயர் நீதிமன்றமே அதியுயர்ந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் திருப்தியுறாதவர், முக்கியமான சட்டப் பிரச்சினை இருப்பின், அனுமதி பெற்று அங்கு செல்லலாம்.

பயிற்சி: க.பொ.த. சாதாரண தரம் எழுதிய ஒருவர், அறிமுகமற்ற நபருக்குத் தன் வங்கிக் கணக்கைச் சிறு தொகைக்காகப் பயன்படுத்தக் கொடுக்கிறார். மோசடிப் பணம் அதனூடாகச் செல்கிறது.
(1) அவர் எச்சட்டத்தின் கீழ் வழக்கை எதிர்நோக்கலாம்?
(2) தண்டிக்கப்பட்டால் எந்த நீதிமன்றத்திற்கு, எத்தனை நாட்களுள் மேன்முறையிட வேண்டும்?
(3) "பணம் எங்கிருந்து வந்ததென எனக்குத் தெரியாது" என்ற அவரது வாதம் எவ்வளவு தூரம் உதவும்? காரணம் தருக.