பார்வையற்ற பிள்ளைக்குப் பல் துலக்கக் கற்றுக் கொடுங்கள்



பார்வையில்லாத பிள்ளை உள்ள வீட்டில், "பாவம், அதுக்கு என்ன தெரியும்? நாமே தேய்ச்சு விட்டுடலாம்" என்று சொல்வதுண்டு. அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். குடும்பம் நடத்த வேண்டும். அங்கெல்லாம் நீங்கள் கூடவே போக முடியுமா?

நாம் மட்டும் வாய்க்குள் பார்த்தா பல் துலக்குகிறோம்? கையும் நாக்கும்தான் வழி காட்டுகின்றன. கர்நாடக மாநிலம் பெல்காமில் பல் மருத்துவர்கள், பார்வையற்ற பிள்ளைகளுக்கு வாயால் விளக்கிச் சொல்லி, தொட்டுப் பார்க்க வைத்து, தாங்களே துலக்கும்படி பழக்கினார்கள். பல்லில் படியும் அழுக்கு குறைந்தது என்று 2012-இல் எழுதினார்கள். அதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

சொல்லிக் கொடுக்கும் முறை:

1. பிரஷ், பேஸ்ட், குவளை மூன்றையும் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். பிள்ளையின் பிரஷ் காம்பில் நூல் சுற்றி வைத்தால், தன்னுடையது எது என்று தொட்டதும் தெரியும்.

2. கையைக் கழுவச் செய்து, பல்லை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இது முன்பல், இது கடைவாய்ப்பல், இது ஈறு என்று பெயர் சொல்லுங்கள்.

3. பிரஷின் மேல் பேஸ்ட் வைப்பது சிரமம். ஃபுளோரைடு உள்ள பேஸ்டைப் பட்டாணி அளவு விரலில் எடுத்துப் பல்லில் தடவிக் கொள்ளட்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

4. பிள்ளையின் பின்னால் நின்று, அதன் கைமேல் உங்கள் கையை வைத்துத் துலக்குங்கள். நாளாக ஆக உங்கள் கையை எடுத்து விடுங்கள். அவசரப்படாதீங்க.

5. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று வரிசையாகப் போகட்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து எண்ணட்டும். மொத்தம் 2 நிமிடம் துலக்க வேண்டும்.

6. முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்க்கட்டும். வழவழப்பாக இருந்தால் சுத்தம். சொரசொரப்பு இருந்தால் மறுபடி துலக்க வேண்டும்.

காலையிலும், இரவு படுக்குமுன்னும் துலக்க வேண்டும். செங்கல் பொடி, கரி, சாம்பல், புகையிலைப் பொடி வேண்டாம். எட்டு வயது வரை இரவில் நீங்களும் ஒருமுறை தேய்த்து விடுங்கள்.

பார்க்கும் வேலை உங்களுடையது. சொத்தை முதலில் வெள்ளைத் திட்டாகத்தான் தொடங்கும், அப்போது வலிக்காது. வலி வரும்போது சொத்தை ஆழமாகப் போயிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதல்ல, ஆயுளுக்கும் அதுதான். பால்பல் தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வாயில் ரத்தச் சுவை தெரிந்தால் உடனே உங்களிடம் சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அது ஈறு நோயின் அடையாளமாக இருக்கலாம். திட்டோ ரத்தமோ கண்டால் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவியைத் தொட்டுப் பார்க்கவும், அதன் சத்தத்தை முன்னதாகக் கேட்கவும் பிள்ளையை விடும்படி அவரிடம் கேளுங்கள். பயம் தெளியும்.

இன்று இரவே பிரஷைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்!