செல்லுக்குள் ஓர் உரையாடல்

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் செல்லின் நுண்ணுறுப்புகள் தமக்குள் நிகழ்த்தும் உரையாடல் உண்டு.

இதயத்தசைச் செல்லில் சார்கோபிளாச வலை, கால்சியத்தைச் சேமிக்கும் களஞ்சியம். அதனை ஒட்டி அமைந்த மைட்டோகாண்ட்ரியா, ஆற்றல் தரும் உலை. களஞ்சியம் திறந்து கால்சியம் வெளிப்பட்டதும் தசை சுருங்குகிறது. அதில் ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவுள் நுழைந்து, ஆற்றல் தேவை என்னும் செய்தியைச் சேர்க்கிறது. கால்சியம் களஞ்சியத்திற்குத் திரும்பியதும் தசை தளர்கிறது.

இதயத் தமனி அடைபட்டால் உயிர்வளி குறைகிறது. அதனால் ஆற்றலும் குறைகிறது. கால்சியத்தைத் திருப்பி அனுப்ப ஆற்றலின்றி, அது செல்லினுள் பெருகுகிறது. செய்தியாக வந்ததே மிகையாகி மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது, செல் மடிகிறது. அதற்கு ஈடாகப் புதிய செல் தோன்றுவது மிக அரிது. எனவே, இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் இழப்பே.

தமிழ்நாடு அரசு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல் உள்ளிட்ட முதற்கட்ட மருந்துகளை அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். திருச்சியின் எடமலைப்பட்டி புதூராயினும் தொலைதூரச் சிற்றூராயினும், நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று எண்ணிக் காத்திராமல் 108ஐ அழைப்பதே அறிவுடைமை.