கஞ்சியில் இருந்ததும் இல்லாததும்



வன்னியில் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நம் லயங்களில் நிறைய உண்டு. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டின்போதும், 1977, 1983 கலவரங்களின் பின்பும் மலையகத்தை விட்டுப் போன நம்மவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையோரம் சிக்கிக்கொண்டபோது, பலருக்குக் கிடைத்த சாப்பாடு கஞ்சிதான். அரிசி, தண்ணீர், உப்பு, பெரும்பாலும் அவ்வளவே. அந்த நினைவாகத்தான் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கஞ்சி உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால் உடம்புக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்ததா? இதுவே இம்முறை நமது பாடம்.

இருந்தவை

அரிசியில் மாச்சத்து உண்டு. 1 கிராம் மாச்சத்து 4 கிலோ கலோரி சக்தி தரும். நடக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்க இந்தச் சக்தி வேண்டும். வியர்வையிலும் வயிற்றோட்டத்திலும் போவதைத் தண்ணீரும் உப்பும் ஈடுசெய்யும்.

இல்லாதவை

புரதம்: தசையும் இரத்தமும் உருவாக, பிள்ளை வளர, புண் ஆற இது தேவை. அரிசியில் உள்ளது போதாது. அரிசியில் குறைவதைப் பருப்பு, பயறு, கௌப்பி நிரப்பும். பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும். அதனால்தான் சோறும் பருப்பும் நல்ல சோடி. முட்டை, நெத்தலிக் கருவாடு, பால் இன்னும் நல்லது.

கொழுப்பு: 1 கிராமில் 9 கிலோ கலோரி. கீரை, கரட், பூசணியில் உள்ள விற்றமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ வேண்டும்.

விற்றமின்கள்: கண்ணுக்கு ஏ, பல் ஈறுக்கு சி, நரம்புக்கு பி. நெல்லை அவிக்கும்போது உமி, தவிட்டுப் பக்கம் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பச்சையரிசியைவிட வன்னியார் உண்ணும் புழுங்கலரிசி மேல்.

தாதுக்கள்: இரத்தத்துக்கு இரும்பு, எலும்புக்குக் கல்சியம், கழுத்துக் கழலை வராமலிருக்க அயடின். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

நம்ம தட்டு எப்படி?

கோதுமை மா ரொட்டி, கட்டசம்பல், ஒரு கோப்பை சாயம். யுத்தம் எதுவும் இல்லாமலே பல நாள் நம் தட்டும் அந்தக் கஞ்சி மாதிரித்தான் இருக்கிறது. வயிறு நிறையும், இரும்பும் புரதமும் போதாது. "மலை ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்று கொழுந்து பறிக்கும் அம்மா சொன்னால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. இரத்தச்சோகையாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை.

நாம் பறிக்கிற தேயிலைக்கும் இதில் பங்குண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கும். தேத்தண்ணியை விடவேண்டாம், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

செய்யக்கூடியவை

வன்னியில் முற்றத்து முருங்கையிலேயே கீரை கிடைக்கும். உயரமான தோட்டங்களின் குளிரில் முருங்கை நன்றாக வராது. அங்கே வல்லாரையும் பொன்னாங்காணியும் போடலாம். உப்பு வாங்கும்போது அயடின் சேர்த்ததா என்று பாருங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்குங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். 1973இல் தொடங்கிய திரிபோஷா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வீட்டார் எல்லோரும் பங்குபோட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது அம்மாதான். இன்று இரவு கறியைப் பங்கிடும்போது அம்மாவின் பங்கை முதலில் எடுத்து வைப்போம். இதற்குக் காசு தேவையில்லை.