சாயங்காலத்துக்கு ஒரு முழம்: வீட்டிலேயே பூக் கட்டலாம்

மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நடந்தால், வாசற்படியில் உட்கார்ந்து பூக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். முறத்தில் மொட்டுக் குவியல், கிண்ணத்துத் தண்ணீரில் வாழை நார், ஓயாத பேச்சு. கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நகரத்து அடுக்குமாடிகளில் இந்தக் காட்சி அருகிவிட்டது. கட்டிய பூ வாசலுக்கே வருகிறது. வேலைக்குப் போய்த் திரும்பும் வீடுகளுக்கு அது பெரிய ஒத்தாசைதான். ஆனால் முழம் போட்டு வாங்கும்போது, கட்டுவதில் இருக்கும் அந்த அரை மணி நேரச் சந்தோஷம் கைக்கு வருவதில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. பூக் கட்ட இரண்டு கையும் வேண்டும். பழகிய பிறகு கண் பாதி போதும். வாயும் காதும் முழுக்க ஓய்வாக இருக்கும். அதனால் கைபேசி தானாகத் தள்ளிப் போகிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு தானாக வருகிறது. கூடை பின்னினாலும் ஸ்வெட்டர் பின்னினாலும் முடித்துப் பார்க்க நாளாகும். பூச்சரம் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்து, அன்றைக்கே தலைக்கோ சாமி படத்துக்கோ போய்விடும்.

இது பெண்களுக்கான வேலை என்று ஒதுங்கும் ஆண்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை நினைத்துக்கொள்ளலாம். நந்தவனம் வைத்து வளர்த்து, பூப்பறித்து, வடபத்ரசாயிக்கு மாலை கட்டியவர் பெரியாழ்வார். அந்த ஊரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை இன்றும் திருப்பதி பிரம்மோற்சவக் கருடசேவைக்குப் போகிறது. சித்திரைத் திருவிழாவில் மதுரைக் கள்ளழகருக்கும் போகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையிலோ மாலை கட்டுவது ஊர்த் தொழில். அங்கே அரளிப்பூவை மடித்துக் கட்டும் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூ வாங்குவது

முதல் முறை கட்டுகிறவர் மல்லிகையில் தொடங்கக் கூடாது. காம்பு குட்டை, மொட்டு வழுக்கும், நாலு தடவை நழுவினால் ஆசையே போய்விடும். காம்பு நீண்ட பூக்கள்தான் கைப்பழக்கத்துக்கு நல்லவை. கனகாம்பரமும் டிசம்பர் பூவும் இரண்டு விரலுக்குள் அடக்கமாக நிற்கும். இரண்டுக்கும் வாசம் கிடையாது; நிறத்துக்காகத்தான் அவற்றை வைப்பது. பூ கிடைக்காத நாளில் ஈர்க்குச்சியைச் சின்னத் துண்டுகளாக ஒடித்து, கொஞ்சம் தடித்த பருத்தி நூலால் கட்டிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும்.

கை பழகியபின் மல்லிகை. கடையில் உதிரிப்பூவாகக் கேட்டு, காலையிலேயே வாங்குவது நல்லது. குண்டுமல்லியை விடியற்காலையில், நன்றாக வெளுத்துப் பருத்த, ஆனால் விரியாத மொட்டாகப் பறிப்பார்கள்; அது மாலையில் மெல்ல வாய் திறந்து இரவில் மணக்கும். பச்சை ஓடிய மொட்டு முற்றாதது. அதில் பாதி மலராமலே வதங்கும். ஏற்கெனவே விரிந்த பூ கட்டும்போதே இதழ் உதிர்க்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைத் தேடிப் போகிறவர்கள் சொல்லும் காரணம், அதன் கனத்த இதழும் நின்று மணக்கும் வாசமும். மார்கழி, தையில் விளைச்சல் குறைந்து, முகூர்த்த நாட்களில் கிலோ சில ஆயிரம் ரூபாயைத் தொடும். கற்றுக்கொள்ள ஏற்ற பருவம் பூ மலிந்து கிடக்கும் பங்குனி, சித்திரை.

நாரைப் பதப்படுத்துவது

நூலிலும் கட்டலாம். ஆனால் வாழை நாரின் அருமை கட்டிப் பார்த்தால்தான் தெரியும். நார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காம்பு சீக்கிரம் வாடாது. பட்டையாக இருப்பதால் காம்பை அறுக்காது. தார் வெட்டிய மரத்தின் வெளி மட்டையை உரித்துக் காயவைத்தால் நார் தயார். நகரத்தில் பூக்கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். காய்ந்த மட்டையைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, நகத்தால் கீறி, தையல் நூலைவிடக் கொஞ்சம் பருமனாக இழை இழையாகக் கிழிக்க வேண்டும். ரொம்ப மெலிந்தால் இழுக்கும்போது அறும், தடித்தால் முடிச்சு இறுகாது. கட்டி முடிக்கும்வரை நார் ஈரமாகவே இருக்கட்டும். ஓர் இழை தீர்ந்தால் அடுத்ததை அதன் நுனியோடு முடிந்து, அந்த முடிச்சைப் பூவுக்குள் மறைத்துவிடலாம். பருத்தி நூலில் கட்டுவதாக இருந்தாலும் நனைத்துக்கொள்வது நல்லது.

முடிச்சு

இதுதான் நின்று கற்க வேண்டிய இடம். கீழே சொல்லியிருப்பது வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

நாரின் தொடக்கத்தில் ஒரு சாண் அளவு வாலை விட்டு, அந்த இடத்தை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். அங்கேயே இரண்டு மொட்டுகளை, தலை இடது பக்கம் பார்க்க, குறுக்காக வைக்க வேண்டும். மேலே இன்னும் இரண்டு, தலை வலது பக்கம். நாலு காம்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தலைகள் மட்டும் இரு பக்கமும் வெளியே. கட்டைவிரல் அந்தக் காம்புக் குவியலைத்தான் அழுத்திப் பிடிக்கிறது.

இப்போது வலது கையால் நாரைக் காம்புகளைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுக் கொண்டுவந்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அடுத்து, அதே நாரை வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் வளையமாக எடுத்து, ஒரு முறுக்கு முறுக்கி, வலது பக்க மொட்டுத் தலைகளின் வழியே மாட்டி, காம்பு இருக்கும் நடு இடத்துக்கு இறக்கி இழுக்க வேண்டும். ‘சுருக்’கென்று இறுகினால் முடிச்சு விழுந்தது. இறுகாமல் வழுக்கினால் முறுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். இழுக்கும் நார் வளையத்துக்கு அடியில் அகப்பட்டிருக்க வேண்டும். மேலே கிடந்தால் வளையத்தை எடுத்து, எதிர்ப்புறம் முறுக்கி மாட்டினால் சரியாகிவிடும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த ஒரே இடத்தில்தான். இது பிடிபட்ட பிறகு கற்க வேறெதுவும் பெரிதாக இல்லை, வேகம் மட்டும்தான் பாக்கி.

அடுத்த நாலு மொட்டுகள் முதல் கட்டை ஒட்டியே உட்கார வேண்டும். “இன்னும் நெருக்கிக் கட்டும்மா” என்று பாட்டிமார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இடைவெளி விட்ட சரத்தில் நார் தெரியும், பூ ஒன்றையொன்று தாங்காமல் திரும்பிக்கொள்ளும். ரொம்ப இறுக்கினாலோ காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். இறுக்கத்தின் அளவைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று சாயங்காலத்தில் வந்துவிடும்.

சரம் நீளும்போது நார் தளர்ந்து கை அலுக்கும். பூக்காரம்மாக்கள் சிலர் நாரின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக்கிக்கொள்வார்கள். சாமிக்குப் போகும் பூவில் கால் படக் கூடாது என்று நினைக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பியிலோ நாற்காலிக் காலிலோ கட்டிக்கொள்ளலாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம், ஏறக்குறைய ஒன்றரை அடி. முதல் முழம் கோணல்மாணலாக வந்தாலும் பிரிக்க வேண்டாம். வளைத்துச் சுவாமி படத்துக்கு வைத்தால் அழகாகவே இருக்கும்.

கதம்பமும் கோத்த மாலையும்

மல்லிகை கை வந்தபின் கதம்பம் கட்டுவது பேரின்பம். இரண்டு கட்டு மல்லிகை, ஒரு கட்டு கனகாம்பரம், நடுவில் ஒரு கிள்ளு மரிக்கொழுந்து அல்லது தவனம் என்று மாற்றி மாற்றிக் கட்டினால் வாசமும் நிறமும் சேர்ந்து வரும். வரிசையை வீட்டுக் குழந்தையைச் சொல்லச் சொல்லலாம். ஆரஞ்சு, வெள்ளை, பச்சை என்று அது கணக்குப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சாமந்தி, சம்பங்கி, அரளி ஆகியவற்றை ஊசியில் கோப்பது இன்னும் சுலபம். அரளி நஞ்சுள்ள செடி. கோத்து முடித்ததும் கையைக் கழுவ வேண்டும், கைக்குழந்தைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது.

கோடை விடுமுறையில் சிறுமிகளுக்குப் பூச்சடை தைத்து, ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய், பின்னால் கண்ணாடி வைத்துச் சடையும் தெரிய எடுத்த படம் பல வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. வாழை மட்டையில் மொட்டுகளை வரிசையாகத் தைத்துப் பின்னலோடு சேர்ப்பது அது. ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. பெரியம்மா, சித்தி, அத்தை என்று கூட்டம் கூடினால்தான் ஆகும். பத்து முழம் கட்டிப் பழகிய பிறகு, லீவுக்கு உறவுகள் வரும்போது தொடங்கிப் பார்க்கலாம்.

வைத்துப் பாதுகாப்பது

கட்டிய சரத்தை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் மொட்டாகவே இருக்கும். சொட்டும் ஈரம் ஆகாது. தண்ணீர் நின்ற இடத்தில் இதழ் பழுப்பாகிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் வாழை இலையில் மடித்து மண்பானை ஓரமாக வைக்கலாம்.

சொந்தச் செடி

மொட்டை மாடியோ வெயில் விழும் பால்கனியோ இருந்தால் ஒரு குண்டுமல்லிச் செடி வைப்பது நல்லது. ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வேர்பிடித்த மல்லிகை நாற்று பல ஊர்களுக்குப் போகிறது; நர்சரிகளில் ராமநாதபுரம் குண்டுமல்லி என்று கேட்கலாம். அடியில் ஓட்டையுள்ள அகலமான தொட்டி, செம்மண்ணோடு மணலும் மட்கிய சாணமும், அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் வரும். தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும். வாடிய சரத்தை நாரோடு துண்டாக்கித் தொட்டி மண்ணிலேயே புதைத்துவிடலாம். நூலில் கட்டியதானால் நூலை உருவிவிட வேண்டும்.

கவாத்து செய்யத் தயங்கக் கூடாது. புதுத் தளிரில்தான் மல்லிகை மொட்டு விடும். நவம்பர் கடைசி வாரத்தில் வயலில் குண்டுமல்லிச் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். தொட்டிச் செடியை அதன் அளவுக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். முல்லைக்கு ஜனவரி கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி. வெட்டிய கையோடு எருவிட்டு, தளிர் வரும்வரை தண்ணீரை அளவாக ஊற்ற வேண்டும். மார்ச் தொடங்கிப் பூ வரும். ஒரு செடியில் தினம் ஒரு முழத்துக்குத் தேறாது. இரண்டு நாள் மொட்டைச் சேர்த்து வைத்துக் கட்டலாம், அல்லது பக்கத்து வீட்டுச் செடிப் பூவோடு சேர்த்துக்கொள்ளலாம்.